துக்க வீட்டாரே எல்லா வேலையும் செய்கிறார்கள்: டெக்சாஸ் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின், சான் ஆண்டோனியோ வட்டாரங்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,



உவால்டியைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். நமக்குள் நாம் அதிகம் பேசாமல் விட்ட ஊர் அது.

சான் ஆண்டோனியோவிலிருந்து 90ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் போனால் உவால்டி வரும். மக்கள்தொகை சுமார் 15,000. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் இருப்பவர்கள். நம்மில் பலர் அந்தப் பக்கம் போய் வந்தவர்கள்தான். கோடையில் கார்னர் பூங்காவில் கூடாரம் அடித்து, ஃபிரியோ ஆற்றில் பிள்ளைகளை ரப்பர் மிதவையில் விட்டு விளையாட வைத்தோமே, அதுவும் உவால்டி கவுண்டிதான்.

2022 மே 24, செவ்வாய்க்கிழமை. அந்த ஊரின் ராப் தொடக்கப் பள்ளியில் கோடை விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள். காலையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு நடந்தது. பெற்றோர் வந்தார்கள், பிள்ளைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், வேலைக்குத் திரும்பினார்கள். 11.33 மணிக்கு, பதினெட்டு வயதாகி எட்டே நாளான ஒருவன் துப்பாக்கியோடு உள்ளே நுழைந்தான். 111, 112 என்ற எண் போட்ட, உள்ளுக்குள் கதவால் இணைந்த இரண்டு வகுப்பறைகள். பத்தொன்பது குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளுக்கு ஒன்பது, பத்து, பதினொன்று வயது.

அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவன் கையில் இருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஏஆர்-15 வகைத் துப்பாக்கி. பிறந்தநாளுக்கு மறுநாள் ஒன்று, அதே வாரத்தில் இன்னொன்று என இரண்டு வாங்கினான். திருடவில்லை, கள்ளச்சந்தையில் தேடி அலையவில்லை. கடையில் காசு கொடுத்துச் சட்டப்படி வாங்கினான். டெக்சாஸில் பீர் வாங்க 21 வயதாக வேண்டும். அன்றைய சட்டப்படி உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கவும் 21. நிமிடத்துக்குள் ஒரு வகுப்பறையையே அழித்துவிடக்கூடிய இந்தத் துப்பாக்கிக்கு மட்டும் 18 போதும்.

அவன் நுழைந்ததிலிருந்து காவலர்கள் கதவைத் திறந்து அவனைச் சுட்டு வீழ்த்தியது வரை 77 நிமிடங்கள். வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த 376 காவலர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள் என்று டெக்சாஸ் சட்டமன்றக் குழு அந்த ஜூலையில் எழுதியது. பலர் பள்ளித் தாழ்வாரத்தில் ஆயுதத்தோடு நின்றார்கள். உள்ளே சுடப்பட்ட பிள்ளைகளுக்கு நடுவே கிடந்த ஒரு சிறுமி 911ஐ அழைத்து, போலீசை அனுப்புங்கள் என்று தாழ்ந்த குரலில் மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே பெற்றோர் உள்ளே விடச்சொல்லிக் கதறினார்கள். அவர்களைத்தான் காவலர்கள் பிடித்துத் தள்ளினார்கள், ஒரு தாய்க்கு விலங்கும் மாட்டினார்கள். ஒழுங்கான நடைமுறையைப் பின்பற்றியிருந்தால் சில உயிர்கள் பிழைத்திருக்கும் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித் துறை தன் நீண்ட அறிக்கையோடு சொன்னது.

அன்று பிற்பகலிலிருந்து இரவு வரை ஊரின் சமுதாயக் கூடத்தில் பெற்றோர் காத்திருந்தார்கள். பிள்ளையை அடையாளம் காண, பெற்றவர்களின் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்து டிஎன்ஏ மாதிரி எடுத்தார்கள். எதற்காக அது தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்க்கவே நம்மால் முடிவதில்லை. உவால்டியில் பிறந்த நடிகர் மேத்யூ மெக்கானஹே இரண்டு வாரம் கழித்து வெள்ளை மாளிகையில் நின்று அதைச் சொன்னார்: பச்சை நிற கான்வர்ஸ் காலணி, வலது கால் முனையில் அந்தச் சிறுமி தானே வரைந்த இதயம். அவள் யார் என்று காட்டியது அந்தக் காலணிதான். உள்ளூர்ச் செய்தித்தாளான உவால்டி லீடர்-நியூஸ் அந்த வாரம் முதல் பக்கம் முழுவதையும் கறுப்பாக அச்சிட்டது. அதில் தேதி மட்டும் இருந்தது.

அந்த நாட்களில் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நமக்குத் தொலைபேசி வந்தது. “டெக்சாஸ்னு டிவில சொல்றாங்களே, பாப்பா ஸ்கூலு அங்கயா?” நாம் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம். “இல்லம்மா, அது இங்கேருந்து ரொம்ப தூரம்.” ஃபிரிஸ்கோவிலிருந்து பார்த்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் கார்ப் பயணம், தூரம்தான். ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது. நாமும் அதை நம்பி உட்கார்ந்துவிட்டதுதான் கேடு.

தூரம் ஓராண்டுகூடத் தாங்கவில்லை. 2023 மே 6, சனிக்கிழமை பிற்பகல், ஆலன் நகர அவுட்லெட் கடைத்தெரு. அந்த இடத்தைப் பற்றி வட டல்லாஸ்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவைக் கூட்டிப்போவது அங்கே. பள்ளி திறக்கும் முன் காலணி வாங்குவது அங்கே. ஏஆர்-15 வகைத் துப்பாக்கியோடு வந்த ஒருவன் எட்டுப் பேரைக் கொன்றான். தொடக்கப் பள்ளியில் படித்த அக்காள் தங்கை இருவர். ஒரு கொரியக் குடும்பத்தில் அப்பா, அம்மா, மூன்று வயதுக் குழந்தை. ஐதராபாத்திலிருந்து வந்து இங்கே பொறியாளராக வேலை பார்த்த இளம் இந்தியப் பெண். நம்மைப் போலவே விசாவோடு வந்து, நம்மைப் போலவே சனிக்கிழமை கடைக்குப் போனவள். அன்றும் நாம் மெழுகுவத்தி ஏற்றினோம், வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பிய படம் போட்டோம், திங்கட்கிழமை வேலைக்குப் போனோம்.

அந்தத் திங்கட்கிழமை ஆஸ்டினில் என்ன நடந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நான் உங்களிடம் கேட்கப்போவது இதிலிருந்துதான் வருகிறது. உவால்டி அடங்கிய தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் டிரேசி கிங், எச்பி 2744 என்ற மசோதாவைக் கொண்டுவந்திருந்தார். ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளை 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது என்பதே அதன் சாரம். துப்பாக்கி வைத்திருக்கும் யாரிடமிருந்தும் அது எதையும் பறிக்கவில்லை. மூன்று வருடம் பொறு என்று மட்டும் சொன்னது. 2023 ஏப்ரல் 18 அன்று சட்டமன்றக் குழு ஒன்று அதற்குப் பொது விசாரணை வைத்தது. உவால்டி குடும்பங்கள் பிள்ளைகளின் படம் பதித்த சட்டையோடு காலையிலேயே வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் காக்க வைத்த பிறகே அவர்களைப் பேச அழைத்தார்கள். இரவில், களைத்த முகத்தோடு, ஒவ்வொருவராக எழுந்து, தன் பிள்ளை எப்படிச் செத்தது என்று முன்பின் தெரியாத உறுப்பினர்களிடம் விவரித்தார்கள்.

அதற்குப் பிறகும் குழு அதை வாக்கெடுப்புக்கு விடாமல் வைத்திருந்தது. ஆலன் படுகொலை நடந்த மறு திங்கள், மே 8 அன்று, சட்டமன்றக் கட்டடத்துக்குள் உவால்டி பெற்றோரும் மற்றவர்களும் குரலெழுப்பி நின்றபோது வாக்கெடுப்பு நடந்தது. 8க்கு 5 என்று மசோதா குழுவில் தேறியது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த இருவர் ஆதரவாக வாக்களித்தார்கள். ஒரு தாய் அங்கேயே உடைந்து அழுதார். மறுநாள் இரவோடு மசோதாக்களை அவையின் பட்டியலில் சேர்க்கும் கெடு முடிந்தது, இதைச் சேர்க்கவில்லை. அவ்வளவுதான். யாரும் அவையில் எழுந்து நின்று ‘இல்லை’ என்று சொல்லவேண்டிய அவசியமே ஏற்படாமல் அந்த மசோதா செத்தது.

நம் ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டில் காபி போட்டுக் கொண்டுவருவார்கள். பங்காளிகள் பந்தல் போடுவார்கள். ஒருவர் சொல்லிவிடப் போவார், ஒருவர் நாற்காலிக்கு அலைவார், ஒருவர் சுடுகாட்டு வேலையைப் பார்ப்பார். ஆகாதவனும் வந்து ஒரு கை பிடிப்பான். தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் தாயை எழுப்பி, நீ போய்த் தண்ணீர் எடுத்து வா என்று சொல்கிறவனை நாம் மனிதனாகவே மதிக்க மாட்டோம்.

உவால்டியில் அந்தத் தாய்தான் எல்லாவற்றுக்கும் எழுந்து போகிறாள். கொலை நடந்த இரண்டு வாரத்தில் வாஷிங்டன் நாடாளுமன்றக் குழுவின் முன் பேசியது பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர். காவல் துறையின் ஆவணங்களைக் கேட்டுப் போராடியவர்களும் அவர்களே. லைவ்ஸ் ராப்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, மறுபடி மறுபடி ஆஸ்டினுக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டியவர்களும் அவர்களே. உள்ளூர்ச் செய்தித்தாளில் வேலை பார்த்த ஒரு தாய், மகளை இழந்த மறு வருடமே ஊரின் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். ஊருக்குள்ளேயே எல்லோரும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. இதை ‘அரசியலாக்காதீர்கள்’ என்றவர்கள் அங்கேயும் உண்டு. கொல்லப்பட்ட ஆசிரியை ஒருவரின் கணவர் இரண்டே நாளில் நெஞ்சடைத்து இறந்தார். துக்கம் அப்படி ஆளைச் சாய்க்கும்போதும், சட்டம் கேட்கப் போக வேண்டிய வேலையை நாம் துக்கப்பட்டவர்களிடமே விட்டுவைத்திருக்கிறோம். பிள்ளையைக் கொடுத்தவருக்குத்தான் பேச உரிமை என்பதுபோல் ஆகிவிட்டது. இன்னும் பிள்ளையைக் கொடுக்காதவர்கள் அல்லவா முன்னே நிற்க வேண்டும்?

நாம் ஏன் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தக் காரணங்களை நானும் சொல்லியிருக்கிறேன். முதலில் விசா. எச்-1பியில் இருந்துகொண்டு, கிரீன் கார்டுக்குப் பத்து வருடமாக வரிசையில் நின்றுகொண்டு, எதற்கு வம்பு என்ற பயம். இன்றைய சூழலில் அந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. விசாவில் இருக்கும் யாரையும் ஊர்வலத்துக்கு வா என்று இழுக்கவும் மாட்டேன். ஆனால் நம்மில் குடியுரிமை பெற்றவர்கள் இப்போது கொஞ்ச நஞ்சம் இல்லை. காலின் கவுண்டியிலும் ஃபோர்ட் பெண்டிலும் வில்லியம்சனிலும் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறோம். சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று கொடியோடு படம் போட்டோம். அந்தப் பிரமாணத்துக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, ‘நம்ம ஏரியா நல்ல ஏரியா’. பள்ளியின் மதிப்பெண்ணைப் பார்த்து வீடு வாங்கினோம். அந்த எண்ணுக்குள் பாதுகாப்பும் அடக்கம் என்று நினைத்துக்கொண்டோம். 2018 பிப்ரவரியில் பதினேழு பேர் கொல்லப்பட்ட பார்க்லேண்ட், அதற்கு முந்தைய வருடம்தான் புளோரிடாவிலேயே மிகப் பாதுகாப்பான நகரம் என்று பெயர் வாங்கியிருந்தது. 2012இல் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்த சாண்டி ஹூக் பள்ளி வசதியான, அமைதியான ஊரில் இருந்தது. இங்கேயே பாருங்கள்: 2018 மே மாதம் எட்டு மாணவரும் இரண்டு ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட சான்டா ஃபே உயர்நிலைப் பள்ளி, நாம் அர்ச்சனைக்குப் போகும் பியர்லேண்ட் மீனாட்சி கோயிலிலிருந்து கார்ப் பயணத்தில் வெகு தூரமில்லை. 2020 முதல் இந்த நாட்டில் ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதுக்குள் இறக்கும் பிள்ளைகளின் மரணக் காரணங்களில் முதலிடம் துப்பாக்கிக்குத்தான். வாகன விபத்து இரண்டாவது இடத்துக்குப் போய்விட்டது. கார் இருக்கைக்கு எவ்வளவு அலசி ஆராய்ந்து செலவழித்தோம் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாகச் சொல்வது, ‘இது அவங்க கலாச்சாரம், அரசியல் சாசனத்துலயே இருக்கு, மாத்த முடியாது’. மாற்ற முடியும் என்பதற்குப் புளோரிடாவே சாட்சி. துப்பாக்கியை நேசிக்கும் மாநிலம் அது. சட்டமன்றமும் ஆளுநரும் குடியரசுக் கட்சி. பார்க்லேண்ட் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். எந்தத் துப்பாக்கி வாங்கவும் வயது 21. ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று காவல் துறை நீதிபதியிடம் காட்டினால், அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் ‘சிவப்புக் கொடி’ ஏற்பாடும் அந்தச் சட்டத்தில் வந்தது. துப்பாக்கி உரிமை அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில் அட்லாண்டாவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் வயது வரம்பு செல்லும் என்றது. நம் டெக்சாஸ் அடங்கும் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமோ, அதே ஆண்டு ஜனவரியில், 18 முதல் 20 வயதுக்காரருக்குக் கைத்துப்பாக்கி விற்கத் தடை கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. ஆகவே டெக்சாஸில் சட்டம் வந்தாலும் வழக்கு வரும், சிக்கல் வரும். அதை மறைத்து உங்களை அழைக்க நான் விரும்பவில்லை. வழக்கு வரும் என்பதற்காக மசோதாவைப் பட்டியலில் கூடச் சேர்க்காமல் கொல்வதற்கு நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

நாம் பேசாமல் இருந்த வருடங்களில் டெக்சாஸ் சும்மா இருக்கவில்லை. 2021 செப்டம்பர் முதல், 21 வயது நிரம்பிய பெரும்பாலோர் உரிமமோ பயிற்சியோ இல்லாமல் கைத்துப்பாக்கியை வெளியில் எடுத்துச் செல்லலாம் என்றானது. 2023இல் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் தாங்கிய ஒருவர் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 2025இல் உவால்டியின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. பள்ளித் தாக்குதலின்போது காவல் துறைகள் எப்படி ஒருங்கிணைந்து செயல்பட வேண்டும், என்ன பயிற்சி பெற வேண்டும் என்பது பற்றியது. அது வேண்டிய சட்டம்தான். 77 நிமிடம் நின்றவர்களைப் பார்த்த பிறகு யார் மறுப்பார்கள்? அதே 2025இல், சிவப்புக் கொடி ஏற்பாட்டை டெக்சாஸுக்குள் எந்த நீதிமன்றமும் அமல்படுத்தக் கூடாது என்று இன்னொரு சட்டமும் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், துப்பாக்கி வகுப்பறை வாசலுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழி தேடுகிறார்கள். ஆலனில் காவலர் தயங்கவில்லை. வேறு வேலையாக அங்கே வந்திருந்தவர், சத்தம் கேட்டதும் அதை நோக்கி ஓடினார், சில நிமிடங்களில் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார். ஒரு காவலர் செய்யக்கூடியது அத்தனையும் அவர் செய்தார். எட்டுப் பேர் இறந்திருந்தார்கள்.

இதற்கிடையில் நம் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள். பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது மனப்பாடம். மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார வேண்டும், தும்மல் வந்தாலும் அடக்க வேண்டும், கதவைத் தட்டி யார் கூப்பிட்டாலும் திறக்கக் கூடாது. உங்கள் பிள்ளையிடம் இதைப் பற்றி ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். தேர்வு எப்படி எழுதினாய் என்று கேட்பதைப்போல் போகிறபோக்கில் கேட்காதீர்கள். வகுப்பில் எந்த மூலை, பக்கத்தில் யார், அப்போது என்ன நினைத்தாய் என்று கேளுங்கள். என் மகள் அதைச் சொன்னபோது எனக்கு ஒன்று விளங்கியது. அவள் வகுப்பில் யார் யார் அழுதார்கள், யார் யார் சிரித்துவிட்டுத் திட்டு வாங்கினார்கள் எல்லாம் அவளுக்கு நினைவிருக்கிறது. நான் கேட்காததால்தான் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

சட்டமன்றம் எதுவும் செய்யாவிட்டாலும் இன்றிரவே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பள்ளிகளில் துப்பாக்கியால் தாக்கியவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அந்தத் துப்பாக்கி பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோ கிடைத்தது என்று அமெரிக்க ரகசிய சேவைப் பிரிவு 2019இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. சான்டா ஃபேயில் பயன்பட்டவை அப்பாவின் துப்பாக்கிகள். தோட்டா போட்ட துப்பாக்கியைப் பாதுகாக்காமல் விட்டு, அது சிறுவர் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டம் 17 வயதுக்குக் கீழே உள்ளவரைத்தான் சிறுவர் என்கிறது. சான்டா ஃபேயில் சுட்டவனுக்கு வயது 17. மிச்சிகனில் நிலைமை வேறாக முடிந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் நான்கு மாணவரைக் கொன்றவனின் அப்பா, அம்மா இருவரையும் 2024இல் நடுவர்கள் குற்றவாளிகள் என்றார்கள். இருவருக்கும் பத்திலிருந்து பதினைந்து வருடம் சிறை.

நம் வீடுகளிலும் இப்போது துப்பாக்கி இருக்கிறது. இதை நாம் சபையில் பேசுவதில்லை, ஆனால் நண்பர்களோடு சுடும் பயிற்சிக்கூடத்துக்குப் போய்ப் பழகி, கிரீன் கார்டு வந்ததும் ஒன்று வாங்கி, அலமாரியில் துணிக்கடியில் வைத்திருப்பவர்கள் நம்மிடையே உண்டு. திருட்டுப் பயம் என்கிறார்கள். வாங்கியது உங்கள் உரிமை. அதோடு ஒரு நல்ல பெட்டகமும் வாங்குங்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டுங்கள். சாவி எங்கே என்று பிள்ளைக்குத் தெரியாது என்று நம்பாதீர்கள். தீபாவளிப் பலகாரத்தை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடித்தவர்கள் அவர்கள். இந்த நாட்டில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். மதிப்பெண்ணுக்காகவும் கல்லூரிக்காகவும் நம் வீட்டுப் பதினாறு வயதுகள் படும் பாட்டை அறிந்தவர்கள் நாம். அந்த வீட்டில் பூட்டாத துப்பாக்கி இருக்கக் கூடாது.

பிள்ளையை அடுத்த வீட்டுக்கு விளையாடவோ இரவு தங்கவோ அனுப்பும்போது நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா, வேர்க்கடலை ஒவ்வாமையைக் கவனிப்பீர்களா, மாட்டிறைச்சி வேண்டாம் என்றெல்லாம் சொல்லி அனுப்புகிறோம். “உங்க வீட்ல துப்பாக்கி இருக்கா? பூட்டி வெச்சிருக்கீங்களா?” இதையும் கேளுங்கள். முதல் தடவை நாக்கு எழாது. நான் கேட்ட வீடுகளில் எவரும் கோபப்பட்டதில்லை. வேட்டைக்குப் போகும் ஒரு டெக்சாஸ்காரர் என்னை உள்ளே அழைத்துப் பெட்டகத்தையே காட்டினார். துப்பாக்கியோடு வளர்ந்த பலருக்கு அதன் ஆபத்து நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களை எதிரியாக வைத்து இந்த வேலை நடக்காது.

வாக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எச்பி 2744 செத்ததற்குப் பின்னால் இருப்பது அதுதான். ஆதரவாக வாக்களித்த குடியரசுக் கட்சி உறுப்பினர் இருவரில் ஒருவர் ஜஸ்டின் ஹாலண்ட். ராக்வாலும் நம் காலின் கவுண்டியின் ஒரு பகுதியும் அவர் தொகுதி. 2024இல் அவருடைய கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் அவர் தோற்றார். வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் இந்த வாக்கை வைத்தும் அவரைத் தாக்கினார்கள். அந்தத் தோல்வி மே மாத மறுசுற்றில் நடந்தது. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் ஆட்கள் வரும் தேர்தல் அது. மார்ச் மாத முதல்கட்டத் தேர்தலுக்கே 2022இலும் 2024இலும் பதிவான வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர்கூட வரவில்லை. டெக்சாஸில் கட்சியில் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. விரும்பும் ஒரு கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் போய் வாக்களிக்கலாம். பல தொகுதிகளில் நவம்பருக்கு முன்பே, மார்ச்சிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. நாம் நவம்பரில் அதிபர் தேர்தலுக்கு மட்டும் வரிசையில் நின்று ஸ்டிக்கர் வாங்கிக்கொண்டு வருகிறோம். துணிந்து வாக்களித்த ஓர் உறுப்பினருக்குப் பின்னால் நாங்கள் இருக்கிறோம் என்று சொல்ல நாம் அங்கே இல்லை.

வாக்குரிமை இல்லாதவர்களும் சும்மா இருக்கத் தேவையில்லை. டெக்சாஸ் கீழவையில் ஒரு மசோதா பொது விசாரணைக்கு வரும்போது, இந்த மாநிலத்தில் வசிப்பவர் இணையத்திலேயே கருத்தை எழுதி அனுப்பலாம். குடியுரிமை கேட்பதில்லை. நான்கு வரி போதும்: பிள்ளை எந்த மாவட்டப் பள்ளியில் எந்த வகுப்பு, மசோதா எண், ஆதரிக்கிறேன், ஏன். வார இறுதியில் நம் தமிழ்ப் பள்ளிகளில் நூற்றுக்கணக்கான பெற்றோர் இரண்டு மணி நேரம் வராந்தாவிலும் காரிலும் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் எழுதி முடித்துவிடலாம். தமிழ்ச் சங்கப் பொறுப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பொங்கல் விழாவுக்கு மேயரையும் சட்டமன்ற உறுப்பினரையும் அழைத்துச் சால்வை போர்த்துகிறீர்கள். அந்த மேடையை விட்டு இறங்கியதும், ஐந்து பெற்றோரோடு பத்து நிமிடம் உட்கார அவரிடம் நேரம் கேட்டு வாங்கித் தாருங்கள்.

ஒரு முறை உவால்டிக்கும் போவோம். பறிகொடுத்த வீட்டுக்கு நாள் கடந்தாலும் துக்கம் விசாரிக்கப் போவது நம் வழக்கம். ஊரின் நடுவில் கட்டடச் சுவர்களில் இருபத்தொரு பேரையும் ஆளுக்கொரு சுவராகப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பிடித்ததெல்லாம் சுவரில் இருக்கும். நின்று பாருங்கள். அங்கே ஒரு கடையில் சாப்பிடுங்கள். யாராவது பேச விரும்பினால் கேளுங்கள். வலியப் போய் யாரையும் பேச வைக்காதீர்கள், அவர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்கள்.

சட்டமன்றத்தின் அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில் தொடங்கும். 140 நாள் நடக்கும். வயது வரம்பு மசோதாவை யாராவது மறுபடி கொண்டுவருவார்கள், உவால்டி பெற்றோர் மறுபடி வந்து காத்திருப்பார்கள். விசாரணை நாள் சில தினங்களுக்கு முன்புதான் அறிவிக்கப்படும். அதனால் இப்போதே பெயர் கொடுத்து வைக்க வேண்டும். அவர்கள் காத்திருக்கும் அறையில் தண்ணீரும் சாப்பாடும் நம் பொறுப்பு. அவர்களுக்கு முன்னால் எழுந்து பேசும் வேலையும் நம்முடையது. ஃபிரிஸ்கோவிலிருந்து ஆஸ்டினுக்கு நான்கு மணி நேரம். என் வேனில் என்னைத் தவிர ஆறு பேர் வரலாம். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் விசாரணைக்குப் பெயர் பதிய நேரம் இருக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்